உயிரை மாய்க்க முயன்றவர் குற்றவாளி அல்லர்: காவலர்களுக்கான பயிற்சியும் நம் குடும்பங்களும்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கல்வி உதவித்தொகை, விதவை ஓய்வூதியம், சிறுபான்மையினர் கடன் திட்டம் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை நாம் வாய் திறந்து பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் படித்துவிட்டு இளையவர்களிடமும் கொடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், இஷா முடிந்து வெகுநேரம் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டினார் ஒருவர். அவருடைய மகன், இருபத்திரண்டு வயது, கடன் தொல்லையில் விபரீத முடிவெடுத்து மயங்கிக் கிடந்தான். "பாய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா போலீஸ் வரும். கேஸ் ஆயிடும். என்ன செய்யறதுன்னே தெரியல" என்றார். இதையே யோசித்து யோசித்து அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மணி நேரம் போயிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்ன, எவ்வளவு, எப்போது என்று கேட்டார். அந்தத் தாய், "தெரியாம எதையோ சாப்பிட்டுட்டான்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. டாக்டருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புரிந்துகொள்ளவும் நேரம் செலவாகிறதே.

அல்லாஹ்வின் கிருபையால் பையன் பிழைத்தான். மூன்றாம் நாள் வாக்குமூலம் வாங்க ஒரு காவலர் வந்தார். கட்டில் காலடியில் நின்றுகொண்டு, வார்டு முழுவதும் கேட்கும்படி, "உன் மேல கேஸ் போட்டு உள்ளே தள்ளணும், தெரியுமா?" என்றார். பையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று மாலையே குடும்பத்தார் எழுதிக் கொடுத்துவிட்டு அவனை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்ன சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு வருடம் கழித்து அவன் என்னிடம் சொன்னான்: "அந்த வலி எல்லாம் மறந்துபோச்சு பாய். அந்த வார்டுல எல்லாரும் திரும்பிப் பார்த்தது மட்டும் மறக்கல."

அந்தக் காவலர் கெட்டவர் அல்லர். போகும்போது அந்தத் தாயிடம், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் சொன்ன சட்டம் அன்றைக்கே மாறியிருந்தது. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அந்தச் சட்டம் என்ன? வெள்ளைக்காரன் காலத்தில், 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம் என்றது அது. சாவின் வாசல் வரை போய் வந்தவரை, பிழைத்ததற்காக ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம். நம் மக்கள் உண்மையை மறைக்கப் பழகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாத இறுதியில் அமலுக்கு வந்தது. அதன் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கப்பட்டாலொழிய, அவரை 309ஆம் பிரிவில் விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது. அத்தோடு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. பிறகு 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 309 போன்ற பிரிவே இல்லை. 226ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் ஒருவரைத் தன் கடமையைச் செய்ய விடாமல் தடுக்க அல்லது நிர்ப்பந்திக்கத் தற்கொலை முயற்சி செய்பவருக்கு அது பொருந்தும். வீட்டுக் கஷ்டத்தில், பரீட்சை தோல்வியில், கடனில், குடும்பச் சண்டையில் மனம் உடைந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி போடுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், காவலர் வருவார். அது நடைமுறை. வந்தாலே வழக்கு என்று அர்த்தமில்லை. இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருந்தால் அன்றைக்குப் போன அந்த ஒரு மணி நேரம் இனி எந்த வீட்டிலும் போகாது.

சரி, வரும் காவலர் என்ன செய்ய வேண்டும்? இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. மனநலம் குன்றியதால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைக் கண்டால், நிலைய அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது 100ஆம் பிரிவு. 30ஆம் பிரிவோ, காவல்துறையினர் உள்ளிட்ட அரசு அலுவலர்களுக்கு இந்த விஷயங்களில் அவ்வப்போது பயிற்சி கொடுப்பதை அரசின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆகவே பயிற்சி என்பது யாரோ ஒரு நல்ல அதிகாரி மனமுவந்து செய்யும் தர்மம் அல்ல, சட்டப்படி நடக்க வேண்டியது. நாம் கேட்கலாம்.

காவலருக்கு எதற்கு இந்தப் பயிற்சி, இது டாக்டர் வேலை அல்லவா என்று சிலர் கேட்பீர்கள். நள்ளிரவில் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு பிள்ளை திறக்க மறுக்கும்போது, கிணற்று மேட்டில் ஒருவர் நின்றுகொண்டு கிட்டே வராதே என்று கத்தும்போது அங்கே முதலில் வந்து சேர்பவர் மனநல மருத்துவர் அல்லவே. காவலர் வருவார், தீயணைப்புக்காரர் வருவார், 108 வரும். உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே காவலர்களுக்கும் தீயணைப்புப் படையினருக்கும் என்று தனியாக ஒரு கையேடு வெளியிட்டது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். 1987இல் அங்கே ஒரு தாய், கையில் கத்தியோடு தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த தன் மகனைக் காப்பாற்றச் சொல்லிப் போலீசை அழைத்தார். வந்த போலீசார் கத்தியைக் கீழே போடு என்று கத்தினார்கள். அவர் போடவில்லை, சுட்டுவிட்டார்கள். காப்பாற்றக் கூப்பிட்டவர்களாலேயே மகனைப் பறிகொடுத்தாள் அந்தத் தாய். ஊரே கொந்தளித்தது. அடுத்த வருடம் காவல்துறையும், மனநோயாளிகளின் குடும்பத்தார் சங்கமும், அங்குள்ள பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். காவலர்களில் விருப்பம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து 40 மணி நேரம் கற்றுக்கொடுத்தார்கள். இன்று பல நாடுகளில் அதைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது குடும்பத்தாரையும் பாடம் நடத்த வைத்ததுதான். பிள்ளையின் மனநோயோடு இருபது வருடம் வாழ்ந்த தாயைவிட யார் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட முடியும்?

இப்படிப்பட்ட பயிற்சியில் கற்றுக்கொடுப்பவற்றில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் சீருடைப் பழக்கத்துக்கு நேர் எதிரானவை. சைரனை நிறுத்திவிட்டு வர வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும், செல்போனில் படம் எடுப்பவர்களை முதலில் விரட்ட வேண்டும். ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து பேசாமல் ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர் தன் பெயரைச் சொல்லி, எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்டு, அதே பெயரால் அழைக்க வேண்டும். பாய்ந்து பிடிக்கப் பார்க்காமல், கொஞ்ச தூரத்தில் முடிந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, பேசப் பேச அந்த வேகம் தணியும். யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாரோ அவரையே கூட்டி வந்து முன்னால் நிறுத்துவது பெரிய தவறு. நாமும் இதைத்தான் செய்கிறோம்: "இந்தா உன் அத்தா வந்துட்டாரு, இறங்கி வா" என்று. "கடனை நான் அடைக்கிறேன்", "நாளைக்கே அந்தப் பெண்ணை நிக்காஹ் செய்து வைக்கிறேன்" என்ற பொய் வாக்குறுதியும் கூடாது. கீழே இறங்கிய பிறகு ஏமாந்தவனை இரண்டாம் முறை யாரும் நம்ப வைக்க முடியாது.

இன்னொன்றைக் கேட்டபோது எனக்கே முதலில் தயக்கமாக இருந்தது. சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும் என்கிறார்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகாதா என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதுதான் இத்துறை மருத்துவர்கள் கண்டது. பல நாள் நெஞ்சுக்குள் அழுத்திக்கொண்டிருந்ததை ஒருவர் பதறாமல் கேட்டதே பலருக்கு மூச்சுவிட்ட மாதிரி இருக்குமாம். அதேபோல, "சொல்றவன் செய்யமாட்டான்" என்பதும் தவறு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் பலர் அதற்கு முன் யாரிடமாவது, ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை முயன்றவர்தான் அதிகக் கவனத்துக்கு உரியவர்.

பேசி முடித்துவிட்டுத் தனியே விடக் கூடாது. ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது நடந்ததை டாக்டரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் காவலருக்கு என்று எழுதப்பட்டவை. அத்தாமார்களும் அம்மாமார்களும் இன்னொரு முறை படித்துப் பார்த்தால், முக்கால்வாசி நமக்கும்தான் என்று தெரியும். வயல் வேலைக்கு வாங்கிய மருந்து டப்பாவைச் சமையலறைப் பரணில் வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்வதே ஒரு பாதுகாப்பு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது லாக்கரில் வைக்கும் முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆத்திரமும் துக்கமும் மிஞ்சும் அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது பல உயிர்களைக் காத்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சி எந்த அளவில் இருக்கிறது? இங்கே அது காவலர்களின் சொந்த வேதனையிலிருந்து தொடங்கியது. பணிச்சுமை, தூக்கமின்மை, விடுப்பு கிடைக்காமை, மேலதிகாரியிடம் படும் அவமானம் என்று மனம் நொந்து காவலர்களே உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் அடிக்கடி வந்தன. 2018இல் தமிழக அரசு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 10 கோடி ரூபாய் ஒதுக்கி, காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியை அறிவித்தது. காவல்துறையிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து நிம்ஹான்ஸ் பயிற்றுவிக்கும். அவர்கள் தத்தம் மாவட்டங்களுக்குத் திரும்பி மற்றக் காவலர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் வகுப்பெடுப்பார்கள். கோபத்தை எப்படிக் கையாள்வது, குடியிலிருந்து எப்படி மீள்வது, மனச்சோர்வின் அறிகுறி என்ன என்பது போன்ற விஷயங்கள். 2021இல் வாரம் ஒருநாள் கட்டாய ஓய்வும் வந்தது. ஆனாலும் 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. ஒருவரே உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பதவியோ படிப்போ இதற்கு அணை போடுவதில்லை.

தன் துக்கத்தைச் சொல்ல இடமில்லாதவரால் பிறர் துக்கத்தைக் கேட்க முடியுமா? அன்று வார்டில் கத்திய அந்தக் காவலர் எத்தனை இரவு தூங்காமல் வந்திருந்தாரோ. அதனால் காவலருக்கான பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். என் ஆதங்கம் வேறு. காவலர் தன்னைப் பார்த்துக்கொள்ளக் கற்பது ஒன்று, தெருவில் நிற்கும் நம் பிள்ளையிடம் பேசக் கற்பது இன்னொன்று. இரண்டாவது நம் பகுதி நிலையங்களின் ரைட்டர் வரைக்கும், இரவு ரோந்துக் காவலர் வரைக்கும் வர வேண்டும். ஒருநாள் வகுப்பு நடத்தி போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிற்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் இடமாறுதல் ஆகிவிட்டால், வருபவருக்கும் நடத்த வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்தபடி நாம்தான். இந்தக் கணக்குக் காவல் நிலையங்களில் எழுதுவதிலிருந்துதான் டெல்லிக்குப் போகிறது. நாளிதழில் "வயிற்று வலி தாங்காமல்" என்று எத்தனை செய்தி படித்திருப்போம்! அவ்வளவும் வயிற்று வலியா? வீட்டார் சொல்லத் தயங்கியதைக் காவலர் அப்படியே எழுதிக்கொண்டிருப்பார். நம்பிப் பேசும்படி ஒரு காவலர் இருந்தால் அந்த எழுத்தும் மாறும்.

மார்க்கத்தின் பேரால் நாம் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (4:29). அதில் சந்தேகமில்லை. அந்த வசனம் அல்லாஹ் உங்கள் மீது கருணையுடையவன் என்றுதான் முடிகிறது. முதல் பாதியை மட்டும் சொல்லி அச்சுறுத்துகிறோம். தன்னை மாய்த்துக்கொண்ட ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸா தொழுவிக்கவில்லை என்று ஜாபிர் பின் சமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அது மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகத்தான். பொதுவாக அவருக்கும் ஜனாஸா தொழ வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதே முஸ்லிம் கிரந்தத்தில் துஃபைல் பின் அம்ர் (ரலி) அவர்களின் தோழர் பற்றிய ஹதீஸும் இருக்கிறது. மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அவர் நோயின் வேதனை தாங்காமல் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு இறந்தார். அவர் மன்னிக்கப்பட்டதாகவும் கைகள் மட்டும் சரியாகாமல் இருந்ததாகவும் துஃபைல் கனவில் கண்டார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அந்தக் கைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டு துஆ செய்தார்கள். அந்த வீட்டுக்குப் போகாமல் ஒதுங்குவதும், கபுரஸ்தானில் மூலையில் இடம் காட்டுவதும் எந்த ஹதீஸில் இருக்கிறது? விளக்கம் வேண்டுவோர் நம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் காப்பானாக, ஒரு மௌத் நடந்துவிட்டால், காவல் நிலையத்துக்குச் சொல்லாமல் அடக்கம் செய்யாதீர்கள். சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் பின்னால் புகார் வந்தால் தாசில்தார் முன்னிலையில் கபுரைத் தோண்டும் நிலை வரும். அதைவிட வேதனை வேறில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி காவலர் வந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மரண விசாரணை நடத்தி, உடலைப் பரிசோதனைக்கு அனுப்புவார். இறந்தவர் திருமணமாகி ஏழு வருடத்துக்கு உட்பட்ட பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரிப்பார். 2021 நவம்பரிலிருந்து சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதி வந்தாலும், தற்கொலைச் சம்பவங்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. ஆகவே மாலை வரை தள்ளிப்போடாமல் உடனே சொன்னால் அதே நாளில் மையித்து கைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. முத்தவல்லியோ நம் அறக்கட்டளையினரோ கூட வந்து நிற்போம். வீட்டார் தனியாக அலைய வேண்டாம்.

மனம் தளர்ந்தவருக்கும், அவரைப் பார்த்துப் பயப்படும் வீட்டாருக்கும் 14416 என்ற இலவச எண் இரவும் பகலும் உண்டு. மத்திய அரசின் டெலிமானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசு இதற்கு "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்திருக்கிறது. 104லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112. அப்போது உண்மையைச் சொல்லுங்கள், சாப்பிட்ட பொருளின் டப்பாவையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.

மம்சாபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் காவல் நிலையங்களில் இந்தப் பயிற்சியை நடத்தக் கோரி, 30ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, விருதுநகர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கும் மனு எழுதியிருக்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் இருக்கும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பெண்கள் கையெழுத்திட மதரஸா டீச்சரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். இதுபற்றித் தனியாகப் பேச விரும்புபவர்கள் மஃரிபுக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பின்வாசல் திறந்திருக்கும். பெயர் எதுவும் எழுதிக்கொள்ள மாட்டோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்